புனித சிஸ்டோவின் நாளில்

ஆகஸ்ட் வெயிலில் மெலோரியாக் கடல் கொதிக்கிறது. ஜெனோவாக்காரர்கள் சுண்ணாம்புத் தூளையும் சோப்புக் குழம்பையும் சட்டி சட்டியாக வீசுகிறார்கள்; எங்கள் பீசாக் கப்பலில் கண் வெந்தவர்கள் வழுக்கி விழுந்து கோடரிக்குத் தலை கொடுக்கிறார்கள். பிரபு லம்பெர்த்தோ மட்டும் உச்சி முதல் பாதம் வரை இரும்பணிந்து, கோயில் சிலைபோல் நிற்கிறார். சிலுவைக்குறி போடுவதற்காக வலக் கையுறையை மட்டும் கழற்றியிருக்கிறார். "பிரபு, கப்பல் முங்குது! அந்த இரும்பைக் கழட்டுங்க!" என்று துடுப்புக்காரன் வான்னி கத்துகிறான். "மடையா, இன்னிக்குப் புனித சிஸ்டோ நாளுடா. இந்த நாள்ல பீசா தோத்ததே இல்ல!" "அது ஜெனோவாக்காரனுக்குத் தெரியாதே, பிரபு!" பகைக்கப்பல் ஒன்று பக்கவாட்டில் வந்து இடிக்கிறது. பிரபு சோப்பில் சறுக்கி, விளிம்பைத் தாண்டி, வான்னியின் மணிக்கட்டைப் பற்றித் தொங்குகிறார். மறுகையால் துடுப்புக்கட்டையைப் பிடித்திருக்கும் வான்னியின் தோள்மூட்டு பிசகுகிறது. "விட்டுடாதடா!" "நான் எங்க புடிச்சிருக்கேன்? நீங்கதான் விடணும், பிரபு!" அவர் விடுவதாக இல்லை. வான்னி குனிந்து, அந்த வெறும் விரல்களை எலும்பு நொறுங்கக் கடிக்கிறான். நீருக்குள் இறங்கும்போதும் பிரபுவின் தலை நிமிர்ந்தே இருக்கிறது.