வாடகைக் கூட்டம்

அந்தச் சண்டை கொஞ்சம் ஓவர்தான் என்று அலுவலருக்குப் பட்டது. செருப்புக் கடை வாசலில் ஒரு கணவனும் மனைவியும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டிருந்தார்கள்.

அலுவலர் மெல்லப் பக்கத்தில் போய், உதடு அசையாமல் முணுமுணுத்தார். "நல்லாத்தான் பண்றீங்க. சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொறச்சுக்குங்க."

"யோவ், நீ யாருய்யா எங்க குடும்ப விஷயத்துல மூக்கை நுழைக்கறது?" என்று எகிறினாள் மனைவி. அதுவரை அவளோடு மல்லுக்கு நின்ற கணவனும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவள் பக்கம் சேர்ந்துகொண்டான்.

அலுவலர் சொக்கிப் போனார். என்ன நடிப்பு! என்ன நடிப்பு!

நகரத்தின் நடுவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த அந்தப் பழைய கடைவீதிக்கு உயிர் கொடுப்பதுதான் அவருடைய வேலை. மறுசீரமைப்பு வாரியத்தின் பெயரில் விளக்குப் போட்டார், நடைபாதை போட்டார், பூட்டிக் கிடந்த கடைகளைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார். கடைகள் திறந்தன, வாங்கத்தான் ஆள் வரவில்லை.

இன்று வாரியத் தலைவி நேரில் பார்க்க வருகிறார். தெரு காலியாக இருந்தால் திட்டத்துக்கு மூடுவிழா.

திட்டம் போனால் அக்காவின் பேக்கரியும் போகும். தம்பி பேச்சை நம்பி, பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஓகோவென்று ஓடிய கடையை இங்கே தூக்கிக்கொண்டு வந்தவள் அவள். அப்புறம் இந்த ஜென்மத்தில் அவர் முகத்தில் விழிக்கமாட்டாள்.

அந்தப் பயத்தில்தான் வெளியூர் நாடகக் குழு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். "ஜனங்களோட ஜனங்களா வந்துடுங்க. என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது" என்று நாடக வாத்தியாருக்குப் போனிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவர்கள் தாராளமாக நடமாட வேண்டுமே என்று இன்றைக்குத்தான் முதல்முறையாகத் தெருவில் வண்டிகளைத் தடுத்து, நடுவே பந்தல் போட்டு, பெஞ்சுகளையும் இழுத்துப் போட்டிருந்தார்.

"டேய், இங்க வா!" பேக்கரி வாசலிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "உன் ஆளுங்க விலை மட்டும் கேட்டுட்டுப் போவாங்கன்னுதானே சொன்னே? ரொட்டி பூரா காலி. மீதி குடுக்கச் சில்லறைகூட இல்ல."

"காசு குடுத்தே வாங்கறாங்களா?"

"பின்ன? ஒரு அம்மா, கேக் வெந்தாத்தான் எழுந்திருப்பேன்னு உக்காந்திருக்காங்க."

"கலைஞர்கள்னா அப்படித்தான்க்கா. வேஷத்துல ஊறிட்டாங்க."

பெஞ்சில் ஒரு பெரியவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அலுவலர் அவரைத் தட்டி எழுப்பி, "ஐயா, தூங்கற சீன் வேண்டாம்" என்று கையில் பேப்பரைத் திணித்தார்.

"இந்த ஊர்ல ஒரு மனுஷன் நிம்மதியா கண்ணசர முடியுதா?" என்று சீறினார் பெரியவர். அந்த வசனத்தையும் அலுவலர் ரசித்தார்.

தலைவி தெருமுனையில் காரை விட்டு இறங்கி நடந்தே வந்தார். ஐஸ்கிரீம் கடையில் எட்டிப் பார்த்தவரை, "வரிசை பின்னால இருக்கும்மா, போய் நில்லுங்க" என்று ஒரு ஆள் அதட்டினான். அலுவலருக்கு வியர்த்துக் கொட்டியது. தலைவியோ வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சமர்த்தாகப் பின்னால் போய் நின்றார்.

ஐஸ்கிரீமை முடித்ததும் அலுவலரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "திட்டம் தொடரட்டும். அடுத்த தெருவையும் நீங்களே எடுத்துக்குங்க."

கார் போனதுதான் தாமதம், அக்கா மாவுக் கையோடு ஓடி வந்து தம்பியின் கன்னத்தைக் கிள்ளினாள். இருவரும் நடுத்தெருவில் சின்னப் பிள்ளைகள்போல் குதித்தார்கள்.

"சரி, நாளைக்கு எவ்வளவு ரொட்டி போடட்டும்டா?"

அலுவலரின் குதிப்பு பாதியில் நின்றது. நாளைக்கு வாங்க யார் இருக்கிறார்கள்? நல்லவேளையாக அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நாடக வாத்தியார்!

"வாத்தியாரே, உங்க ஆளுங்க பின்னிப் பெடலெடுத்துட்டாங்க! அதுலயும் அந்தப் புருஷன் பொண்டாட்டி சண்டை இருக்கே..."

"கிண்டல் பண்ணாதீங்க சார்" என்றார் வாத்தியார், அழாத குறையாக. "விடியக்காலையிலேயே வண்டி மக்கர் பண்ணிடுச்சு. உங்களுக்குச் சொல்லலாம்னா சிக்னலும் கிடைக்கல."

"என்னது?"

"நாங்க இன்னும் உங்க ஊருக்கே வந்து சேரல சார்!"