கிட்டு அணிலின் குரல்

தொண்டை அறுவைசிகிச்சைக்குப் பிறகு ரெஜினாவால் பேச முடியவில்லை. இனி முடியாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மதிய நேரம், ஸ்பீக்கர் கெட்டுப்போய்ச் சத்தமே வராத வார்டு டிவியில் பழைய கார்ட்டூன் ஓடியது. அதில் வரும் கிட்டு அணிலுக்கு ஒருகாலத்தில் தமிழில் குரல் கொடுத்தவர் அவர்தான். அங்கே யாருக்கும் அது தெரியாது.

அணில் வாய் திறந்ததும் ரெஜினாவின் இடது கை தானாக எழுந்து, இல்லாத ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டது. அணிலோடு சேர்ந்து அவர் உதடுகளும் அசைந்தன. அது கொய்யாவைக் கடித்தபோது, மெல்லும் சத்தத்துக்காக டப்பிங்கில் செய்வதுபோலவே புறங்கையை வாயில் வைத்து மென்றார்.

எதிர்க்கட்டில் தமிழரசி டிவியைப் பார்த்தபடி வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ, சின்ன வயசுல கேட்ட அதே குரல்!”

கதவு திறந்தது. பக்கத்து வார்டு நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

“டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கம்மா. அங்க பேஷண்ட் தூங்குறாங்க.”

தமிழரசி இன்னும் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். ரெஜினா, மைக்கிலிருந்து விலகுவதுபோல, முகத்தை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். உதடுகள் நிற்கவில்லை.

“ம், இது போதும்” என்று சொல்லிவிட்டு நர்ஸ் கதவைச் சாத்தினார்.