இடிக்க முடியாத சுவர்

"ஃபயரோ வாலோ, ரெண்டையும் சேர்த்து ஒட்ட நறுக்கி விடு தம்பி!" என்றாள் தையல்காரம்மா, கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பைக்கூட எடுக்காமல்.

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரருக்குச் சிரிப்பு வந்தது.

"அது ஃபயர்வால்மா. வெளியிலிருந்து கண்டவன் உள்ள நுழையாம இருக்கப் போடற தடுப்பு. அதைப் போய் எடுக்கச் சொல்றீங்களே?"

"கண்டவன் நுழைய வேணாம், சரி. பெத்த பொண்ணும் நுழையக் கூடாதா? வாரம் தவறாம இதுலதான் முகம் பார்த்துப் பேசிக்குவோம். இந்த மனுஷன் என்னிக்கு அந்த எழவைப் போட்டாரோ, அன்னியோட எல்லாம் நின்னு போச்சு. ஒரு வருஷமாச்சு. அவ போன் நம்பரும் மாறிடுச்சு. புது நம்பர் இவருக்கே தெரியலையாம்."

தையல் மெஷின் மேல் சின்னச் சின்ன கவுன்களாக நாலைந்து மடித்து வைத்திருந்தது.

"பேத்திக்குத்தான். அளவு கேக்காம எத்தனை கவுன் உத்தேசமாத் தைக்கறது? குழந்தை வளர்ந்திருக்க மாட்டாளா?"

"சார்கிட்டயே எடுத்துடச் சொல்றதுதானே?"

"சொல்லாமலா? வாய் வலிச்சதுதான் மிச்சம். பூட்டுக் கடை வச்சிருக்கிறவருக்குப் புத்தியும் பூட்டுதான். அதான் அவர் கடையில இருக்கிற நேரமாப் பார்த்து உன்னைக் கூப்பிட்டேன்."

வாசலில் செருப்புச் சத்தம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாகவே வந்து நின்றார் பூட்டுக் கடைக்காரர்.

"கம்ப்யூட்டர்ல யாரு கை வைக்கறது?"

ரிப்பேர்காரர் சட்டென்று மவுஸை விட்டார்.

"நான்தான் வரச் சொன்னேன்" என்று மனைவி முன்னால் வந்தாள். "அந்த ஃபயர்வாலை எடுக்கத்தான்."

"ஆயிரம் தடவை சொல்லிட்டேன். கதவைத் திறந்து போட்டுட்டு எவனாவது தூங்குவானா? அது இருந்தே ஆகணும். எடுக்க விடமாட்டேன்."

"பொண்ணு முகத்தைப் பார்க்காம நான் செத்தாலும் பரவாயில்ல, உங்க பூட்டு பத்திரமா இருக்கணும். அதானே?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"வந்தவருக்கு ஒரு டீ போட்டுக் கொடு, போ."

முணுமுணுத்துக்கொண்டே அவள் சமையலறைக்குப் போனாள்.

ரிப்பேர்காரர் மறுபடி மவுஸைப் பிடித்தார். எத்தனையோ வீடு ஏறி இறங்கியிருக்கிறார், இப்படி ஒரு அழுத்தக்காரரைப் பார்த்ததில்லை. அப்படி எதைத்தான் தடுத்து வைத்திருக்கிறார் என்று திரையைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"சார், இதுல ஃபயர்வால் ஓடவே இல்லையே. ஆஃப்ல இருக்கு."

"தெரியும்."

"எதையும் தடுத்து வைக்கல. உங்க பொண்ணு இந்த நிமிஷம் கூப்பிட்டாலும் வரும்."

"தெரியும் தம்பி."

"அப்புறம் எதை எடுக்கக் கூடாதுன்னு இந்தக் குதி குதிச்சீங்க? பெத்தவளை ஒரு வருஷமா ஏமாத்தறீங்களே, பாவமில்லையா? நான் அம்மாகிட்ட சொல்லத்தான் போறேன்."

எழுந்தே விட்டார்.

பூட்டுக் கடைக்காரர் அவர் முழங்கையைப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி எதையோ தேடி நீட்டினார். போன வருஷம் மகளிடமிருந்து வந்த மெசேஜ்.

படித்ததும் ரிப்பேர்காரர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"இல்லாததை எடுக்க முடியாதுல்ல தம்பி? முடியலன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. அந்தப் பாவம் என் தலையோட போகட்டும்."

ரிப்பேர்காரர் மவுஸை நகர்த்தி ஃபயர்வாலை ஆன் செய்தார்.

டீ வந்தது.

"என்னப்பா, எடுத்தாச்சா?"

"முடியலம்மா. ரொம்பக் கெட்டியாப் போட்டிருக்கு. எடுத்தா கம்ப்யூட்டரே போயிடும்."

அவள் டம்ளரை டக்கென்று வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"இப்ப மனசு குளிர்ந்துச்சா? அங்க என் பொண்ணு கூப்பிட்டுக் கூப்பிட்டு, அம்மா எடுக்கலையேன்னு அழுதுட்டிருப்பா. நீங்க மனுஷனே இல்ல. கல்லு!"

"சரி, கல்லுதான். சாப்பாடு போடு" என்றார் பூட்டுக் கடைக்காரர்.

மாடிப்படி இறங்கும்போதும் அவள் திட்டுவது கேட்டுக்கொண்டிருந்தது. ரிப்பேர்காரரின் கண்ணை விட்டு அந்த மெசேஜ் போகவில்லை.

'அப்பா, எனக்கு இங்க வேற வாழ்க்கை ஆயிடுச்சு. அம்மா வாராவாரம் கூப்பிடறது இங்க எல்லாருக்கும் தொல்லை. நம்பரை மாத்திட்டேன், தேடாதீங்க. அம்மாகிட்ட நீங்களே ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கோங்க.'