ராசியில்லாத கை

"என்னை விட்டுடுங்க மேடம். இது ராசியில்லாத கை" என்று வெல்டர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

தொழிற்சாலை கேன்டீனில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்க வைத்திருந்தார்கள். தலையும் மார்பும் மட்டும் உள்ள பொம்மை. நின்றுபோன இதயத்தை, நெஞ்சை அமுக்கி ஓட வைக்கும் முதலுதவி மறந்துபோகாமல் இருக்க, வருடா வருடம் இதன் மேல்தான் எல்லோரும் பழகுவார்கள். பயிற்சி கொடுக்க வந்திருந்த நர்ஸ் அதன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார்.

"ராசி பார்க்க இதென்ன கல்யாணமா சார்? போன வருஷம் நீங்கதான் நல்லா செஞ்சீங்கன்னு சூப்பர்வைசர் சொன்னாரே!"

"அது பொம்மை மேடம். பிழைச்சாலும் ஒண்ணுதான், செத்தாலும் ஒண்ணுதான்."

யாரும் சிரிக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன் இதே கேன்டீனில், சாப்பிட்டுக்கொண்டிருந்த கிரேன் ஆபரேட்டர் தட்டின் மேலேயே சரிந்துவிட்டார். வெல்டருக்கு உயிர்க் கூட்டாளி. வெல்டர்தான் அமுக்கினார், கை ஓய்ந்துபோன பிறகும் அமுக்கினார். ஆம்புலன்ஸ் லேசில் வரவில்லை. வாசலில் இருந்த வாட்ச்மேன் மறுபடியும் ஒரு தடவை போன் போட்ட பிறகுதான் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்களை எல்லோரும் வாய் வலிக்கத் திட்டினார்கள். இறந்தவரின் தம்பி மட்டும் வேறு மாதிரி. அவர் அங்கேயே ஸ்டோர்கீப்பர். அண்ணனை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது நாலு பேர் முன்னால் வெல்டரை நிறுத்தி வைத்துக் கேட்டார்: "ஒழுங்கா அமுக்கியிருந்தா எங்கண்ணன் பிழைச்சிருப்பான். வருஷா வருஷம் பயிற்சி பயிற்சின்னு போய் என்னத்தைக் கிழிச்சீங்க?"

அன்று குனிந்த தலை. வெல்டர் அதற்குப் பிறகு கேன்டீன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கேஸ் சிலிண்டர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, திருடிச் சாப்பிடுகிறவர் போல அவசர அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்துவிடுவார். கூட்டாளியின் மனைவி கடைத்தெருவில் எதிரே வந்தால் சந்துக்குள் புகுந்துவிடுவார். தன் கையைத் தானே பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"செய்யச் சொல்லுங்க மேடம்!" முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஸ்டோர்கீப்பர் குரல் கொடுத்தார். "அன்னிக்கு என்ன லட்சணத்துல செஞ்சார்னு எல்லாரும் பார்க்கட்டும்."

வெல்டருக்கு முகம் சுண்டிப்போனது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

நர்ஸ் அவரை உட்கார வைத்தார். "சரியான ஆழத்துல, சரியான வேகத்துல அமுக்கினா இந்தப் பச்சை விளக்கு எரியும். அன்னிக்கு எப்படிச் செஞ்சீங்களோ, அதே மாதிரி செய்யுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"எரியலைன்னா?"

"எரியலைன்னா கத்துக்கலாம். அதுக்குத்தானே வந்திருக்கேன்?"

வெல்டர் உள்ளங்கையைப் பொம்மையின் நெஞ்சில் வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கத் தொடங்கினார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. நர்ஸ் போதும் என்று சொல்லியும் காதில் விழவில்லை. தோளைத் தொட்டு நிறுத்த வேண்டியிருந்தது.

"கண்ணைத் திறந்து பாருங்க சார். அணையவே இல்லை. இதைவிட நல்லா என்னாலகூட அமுக்க முடியாது."

வெல்டர் பச்சை விளக்கையே வெறித்துப் பார்த்தார். "அப்ப... என் கையால இல்லையா?"

"இல்லவே இல்லை."

ஸ்டோர்கீப்பர் எட்டி அந்த விளக்கை உற்றுப் பார்த்தார்.

"இப்ப ஆள் விழுந்ததுல இருந்து முழுசா ஒரு தடவை" என்றார் நர்ஸ். "அமுக்கறதுக்கு முன்னாடி ஆம்புலன்ஸுக்குச் சொல்லணும் இல்லையா, அன்னிக்கு யார்கிட்ட சொன்னீங்க?"

"ஸ்டோர் தம்பிகிட்டதான். பயிற்சியில எப்பவும் அவர்தான் அதுக்கு நிப்பார்."

"அப்ப அவர்கிட்டயே சொல்லுங்க. அன்னிக்கு மாதிரியே."

வெல்டர் பொம்மையின் தோளைத் தட்டிப் பார்த்தார். மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஸ்டோர்கீப்பரின் முகத்தைப் பார்த்து விரலை நீட்டினார்.

"தம்பி! ஆம்புலன்ஸுக்கு போன் போடு!"

"போட்டாச்சுண்ணே! வந்துகிட்டே இருக்கு!" கட்டிய கையைப் பிரிக்காமலே ஸ்டோர்கீப்பர் பளிச்சென்று சொன்னார்.

"போனை வெளியில எடுக்கவே இல்லையே சார் நீங்க?" என்றார் நர்ஸ்.

"பயிற்சிக்குப் போய் நிஜமாவா போடுவாங்க மேடம்?" சூப்பர்வைசர் சிரித்தார். "இத்தனை வருஷமா நாங்க வாயாலயேதான் போடறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டோர்கீப்பர் சிரிக்கவில்லை. அவருடைய கை சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டு அப்படியே நின்றுவிட்டது. மெல்ல வந்து, வெல்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணே... அன்னிக்கும் நான் வாயால மட்டும்தாண்ணே போட்டேன்."