என்னைக்கு மேடம் கிளம்புறீங்க?

ஏலப்பாறை தேயிலை எஸ்டேட்டில் ஒரு வாரம் தங்கி, தொழிலாளர் வாழ்க்கையை நேரில் அனுபவிக்க வேண்டும். சென்னையில் பொதுக்கொள்கை முதுகலை படிக்கும் ஹரிணிக்கும் இந்துவுக்கும் அதுதான் பாடம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள்.

கூரை ஒழுகியது. குளிர் எலும்பைத் துளைத்தது. மூலையில் கிடந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "இதுல எப்படித்தான் இருக்காங்களோ!" என்று ஹரிணி தினமும் வீடியோவில் பேசினாள்.

காலையில் பாலில்லாத கட்டன்காப்பி கொண்டுவரும் தோட்டத் தொழிலாளி சந்தனமேரி, மழையில் நனைந்தபடி வாசலிலேயே நிற்பாள். தினமும் ஒரே கேள்விதான்.

"என்னைக்கு மேடம் கிளம்புறீங்க?"

"பாவம்டி, நம்மள விட மனசே இல்ல" என்று இந்து உருகினாள்.

கிளம்ப வேண்டிய நாளும் வந்தது. ஹரிணி ஓடிவந்து சந்தனமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்காகவே புரொபசர்கிட்ட கெஞ்சி, இன்னும் ஒரு வாரம் தங்க அனுமதி வாங்கிட்டோம்!"

சந்தனமேரியின் முகம் வாடியது.

"இன்னும் ஒரு வாரமா, மேடம்?"

"ஏன்க்கா? சந்தோஷமா இல்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு வாரந்தான்னு மேனேஜர் சொன்னாரு, இந்த வீட்டை ஒழிச்சுக் குடுத்துட்டோம். நாங்க படுத்திருக்குற மாட்டுக்கொட்டகையில சாரல் அடிக்குது. பிள்ளைக்குக் காய்ச்சல் விடவே மாட்டேங்குது."



சந்தனமேரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். அந்தக் கம்பளிய மட்டும் எடுத்துக்கிடட்டுமா?"

கம்பளி ஹரிணியின் தோளில் இருந்தது.