சின்னதுரை வீட்டு ஒப்பாரி

உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. பள்ளத்திலிருந்து எழுந்து நின்ற சின்னதுரை, தலையையும் முழங்காலையும் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துக்கொண்டார். சுண்ணாம்புக்கல் லாரி பின்னாலிருந்து உரசியதும், பைக்கோடு தான் பறந்ததும் நன்றாக நினைவிருந்தது. அப்படி விழுந்தவருக்குச் சிராய்ப்புகூட இல்லையென்றால் ஊரில் ஒருத்தனும் நம்பமாட்டான்.

பைக்கின் ஹேண்டில் முறுக்கிக்கொண்டு கிடந்தது. செல்போன் தூள் தூளாகியிருந்தது. அரியலூர் போய் மோட்டார் வாங்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, முந்திரிக்காட்டு வழியாக வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

ஊர் முனையில் ராசாங்கத்தின் டீக்கடை. "ராசாங்கம், ஒரு டீ போடுப்பா. பெரிய கண்டத்துல தப்பிச்சு வந்திருக்கேன்."

ராசாங்கம் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த கிளாஸ் நழுவி விழுந்தது. விடுவிடுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இவனுக்கு என்ன வந்துச்சு?" என்று முணுமுணுத்தபடி தெருவுக்குள் திரும்பியவரின் கால் அப்படியே நின்றது. ஒப்பாரிச் சத்தம் கேட்டது. அதுவும் அவர் வீட்டுப் பக்கமிருந்து.

*"போயி வரேன்னு சொல்லிப் போன ராசாவே – நீ*
*போன வழி பாத்து நானும் நிக்கறனே…*
*பொழுதுக்குள்ள வாரேன்னு போன ராசாவே – என்*
*பொட்டழிய வச்சுப்புட்டுப் போயிட்டியே…"*

அது அவர் மனைவி ஜோதியின் குரல். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு ஜோதியைத்தான் தேடுவார்கள். ஆனால் சொந்த வீட்டில் விளையாட்டுக்குக்கூட அவள் ஒரு வரி முணுமுணுத்ததில்லை. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

பொட்டழிய வைத்துவிட்டுப் போகிற ராசா அந்த வீட்டில் ஒரே ஒருத்தர்தான்.

எதிரே அதே தெருக் கலியம்மாள் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அவசரமாக வந்தாள். வழியில் ஒரு வீட்டு வாசலில் நின்ற யாரிடமோ சொல்லிக்கொண்டே போனாள். "சின்னதுரை போயிட்டாராம்டி! ஜோதி ஒப்பாரி வைக்கறது கேக்கலையா? காலையில நல்லாத்தானே பைக்ல போனாரு! நான் தெக்குத் தெருவுக்குச் சொல்லிட்டு வந்துடறேன்."

"யக்கா, நான் இங்கதான் நிக்கறேன்!"

கலியம்மாள் திரும்பவே இல்லை. அவரைத் தாண்டிப் போய்விட்டாள்.

தன் கையைக் கிள்ளிப் பார்த்தார். வலித்தது. செத்தவனுக்கு வலிக்குமா வலிக்காதா என்று யாரைப் போய்க் கேட்பது? அந்த லாரி, அந்தப் பள்ளம், கீறலே இல்லாத உடம்பு. தன் உடம்பு இன்னும் அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கிறதோ? யோசிக்க யோசிக்க வியர்த்துக் கொட்டியது.

அந்த நேரத்திலும் மனசு மகள் சுவாதியிடம்தான் போய் நின்றது. பெரம்பலூரில் என்ஜினீயரிங் சேர்த்துவிடுகிறேன் என்றவரிடம் மல்லுக்கட்டி, பல்கலைக்கழகத்தில் இசையும் நாட்டுப்புறக் கலையும் படிக்கப் போனவள். லீவுக்கு வந்திருந்தாள். "பாட்டப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?" என்று இன்று காலையில்கூடக் கத்திவிட்டுத்தான் கிளம்பினார்.

அவள் "எப்பப்பா வருவீங்க?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள். "பொழுதுசாய ஆவும்" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். அவள் பாடி ஒரு பாட்டுக்கூட இதுவரை அவர் உட்கார்ந்து கேட்டதில்லை.

ஓட்டமும் நடையுமாக வீட்டை அடைந்தார். வாசலில் பந்தல் இல்லை, நாற்காலி இல்லை. இன்னும் உடம்பைக் கொண்டுவரவில்லை போலிருக்கிறது. கதவும் ஜன்னல்களும் சாத்தியிருந்தன. "ஜோதி! ஜோதி!" என்று குரல் கொடுத்தார். உள்ளே ஒப்பாரி நிற்காமல் ஓடியது.

கதவைத் தள்ளினார். நல்ல உச்சிவெயில் நேரம், பக்கத்து வீட்டில் டிவி அலறுகிறது, இங்கே ஃபேன்கூடப் போடாமல் அந்தப் புழுக்கத்தில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜோதி தலையை விரித்துப் போட்டு, கண்ணை இறுக மூடி, மார்பில் அடித்துக்கொண்டு பாடினாள். கன்னத்தில் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. சுவாதி முக்காடு போட்டு, இவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள்.

"சுவாதி… கண்ணு… அப்பா வந்திருக்கேம்மா."

சுவாதி அசையவில்லை. பெற்ற மகளுக்கே தன் குரல் கேட்கவில்லை. சின்னதுரைக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. ஜோதியின் முன்னால் தொப்பென்று விழுந்தார்.

"அடியே ஜோதி, உண்மையச் சொல்லு! நான் செத்துட்டனாடி?"

ஒப்பாரி பட்டென்று நின்றது. ஜோதி கண்ணைத் திறந்து, "அய்யய்யோ, இந்நேரத்துக்கே வந்துட்டீங்களா?" என்று பதறி நாக்கைக் கடித்துக்கொண்டாள். சுவாதி முக்காட்டை விலக்கி, காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி, தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"போங்கப்பா! யுனிவர்சிட்டி பரீட்சைக்கு ரெக்கார்டிங் ஓடுது, அம்மா இப்பத்தான் நல்லா அழுதாங்க, கெடுத்துட்டீங்களே!"