ஒரு பொட்டலம் அதிமதுரம்

“அதிமதுரம் இல்லைம்மா.”

தையல்காரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தெருமுக்கு மூலிகைக் கடையின் மேல்தட்டைப் பார்த்தாள். பாட்டில் நிறைய அதிமதுரம்.

“அப்ப அது என்னவாம்?”

“அது... பழைய சரக்கு.”

அந்த நேரம் பார்த்துத்தானா தபால்காரர் வரவேண்டும்? “அண்ணே, தொண்டை கட்டிக்கிச்சு. அதிமதுரம் கொஞ்சம் கொடுங்க.”

பழக்கதோஷத்தில் கடைக்காரரின் கை அந்த பாட்டிலுக்கே போனது. பொட்டலம் கட்டியதோடு விட்டாரா? வழக்கமான பிரசங்கம் வேறு. “இதுக்குள்ள ஒரு சத்து இருக்கு பாருங்க, சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிக்கும். தொண்டைக்கு அவ்வளவு இதம். எந்த மாத்திரை இதுக்குக் கிட்ட வரும்?”

தபால்காரர் போனதும் தையல்காரம்மா பொரிந்து தள்ளினாள்.

“நான் என்ன ஓசியிலயா கேட்டேன்? எங்க வீட்டுக்காரர் பத்து நாளா வறட்டு இருமலோட ஸ்கூல் பஸ் ஓட்டுறார். பார்க்கவே வயிறு எரியுது.”

“டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கம்மா.”

வாயைத் திறந்தால் இங்கிலீஷ் மருந்தைக் கரித்துக்கொட்டுகிற மனுஷன் பேசுகிற பேச்சா இது?

“புரிஞ்சிடுச்சு. உங்க சட்டைக் கையை ஒரு இஞ்ச் குட்டையா தைச்சுட்டேன். அந்தக் கோபம்தானே?”

கடைக்காரர் ஒரு நொடி யோசித்தார். “ஆமாம். அதுதான்னு வெச்சுக்கோங்க.”

விறுவிறுவென்று அடுத்த தெரு மூலிகைக் கடைக்கு நடந்தாள். அங்கே எடைபோட்டு, பொட்டலமும் கட்டிய பிறகு அந்த ஆள் கேட்டார்: “உங்க வீட்டுக்காரர் பஸ் டிரைவரா?”

“ஆமாம்.”

பொட்டலம் பழையபடி டப்பாவுக்குள் போனது. “தப்பா எடுத்துக்காதீங்க. முக்குக் கடை அண்ணன் இப்பதான் போன் பண்ணி, உங்களுக்குக் கொடுக்கவேணாம்னு சொன்னார்.”

ஒரு இஞ்ச் சட்டைக் கைக்கு இவ்வளவு வன்மமா! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சாயந்திரம் கணவர் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. “போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வாங்க.”

டிரைவர் இருமிக்கொண்டே கடைக்குள் நுழைந்தார். “ஏங்க, பொம்பளைகிட்டயா உங்க வீரத்தைக் காட்டுவீங்க?”

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உட்காருங்க. ரத்த அழுத்த மாத்திரை ஆரம்பிச்சு எத்தனை நாள் ஆச்சு?”

டிரைவரின் சுருதி சட்டென்று இறங்கிவிட்டது. “பன்னிரண்டு நாள். வீட்ல தெரியாது. தெரிஞ்சா அவ மெஷினை மூடிப் போட்டுட்டு என் பக்கத்துலயே உட்கார்ந்து அழுவா.”

“அவங்களுக்குத் தெரியாதுன்னு பேச்சுலயே புரிஞ்சுது. அதனாலதான் நானும் வாயைத் திறக்கலை. அதிமதுரத்துல இனிக்குதே, அதே சத்துதான் ரத்த அழுத்தத்தையும் ஏத்திவிடும். நீங்க இதைத் தினமும் குடிச்சா என்ன ஆகுறது? பின்னாடி நாற்பது பிள்ளைங்க உட்கார்ந்திருக்கு.”

“மூலிகைதானேங்க, என்ன பண்ணிடப்போகுது?”

“ஒண்ணும் பண்ணாதுன்னா நான் எதுக்குக் கடை வெச்சிருக்கேன்? வேலை செய்யுறதாலதான் மருந்து. எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. இந்த வறட்டு இருமலே சில பேருக்கு அந்த மாத்திரையால வரும். நீங்களா நிறுத்திடாதீங்க. டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்திரை எழுதிக் கொடுப்பார். இன்னைக்கே வீட்லயும் சொல்லிடுங்க. எத்தனை கடைக்குத்தான் நான் போன் போடுறது?”

சண்டை போட வந்தவர் கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். வாசல்வரை போனவருக்கு அப்புறம்தான் உறைத்தது.

“ஆமா, நான் மாத்திரை சாப்பிடுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கடைக்காரர் தெருவை இரண்டு பக்கமும் எட்டிப்பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார்:

“டாக்டர் ரூம் வாசல்ல உங்களுக்கு நர்ஸ் விளக்கிச் சொன்னப்போ, பக்கத்து நாற்காலியில பேப்பரால முகத்தை மூடிக்கிட்டு ஒருத்தன் இருந்தானே, அது நான்தான். ஆறு வருஷமா அதே டாக்டர்கிட்டதான் மாத்திரை வாங்குறேன். வெளியில சொல்லிடாதீங்க, வியாபாரம் படுத்துடும்!”